பாறைதானா, காற்றும் உண்டா?

டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றும் டிராப்பிஸ்ட்-1 பி கோளை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி தனியாகப் படம் எடுக்கவில்லை. 40 ஒளியாண்டு தொலைவில் விண்மீனும் கோளும் ஒரே புள்ளிதான். கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது அந்தப் புள்ளியின் அகச்சிவப்பு ஒளி எவ்வளவு குறைகிறதோ, அதுவே கோளின் பகல்பக்கம் தரும் வெப்ப ஒளி.

குறைவது 0.1 சதவீதத்துக்கும் கீழே! ஆகவே 15 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை மட்டும் விடும் வடிகட்டியில் 5 மறைப்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2023இல் வந்த விடை சுமார் 503 கெல்வின், அதாவது 230 டிகிரி செல்சியஸ். காற்று வெப்பத்தை இரவுப்பக்கத்துக்கும் கடத்தியிருந்தால் 400 கெல்வின் அளவில்தான் இருந்திருக்கும். வெறும் பாறை என்ற முடிவுக்கு இது நன்றாகவே பொருந்தியது.

அளப்பதில் பெரிய தொல்லை உணரிதான். வெப்பின் அகச்சிவப்புக் கருவியான மிரியை 7 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்தாலும், ஒளி விழத் தொடங்கியதும் அளவீடு சற்று நேரம் நிலைகொள்ளாமல் நகரும். அந்தத் தொடக்கப் பகுதியை வெட்டியோ திருத்தியோ எடுக்காவிட்டால் மறைப்பின் ஆழம் தப்பாக வரும். விண்மீனின் திடீர்ச் சீற்றங்களையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் 12.8 மைக்ரானில் அளந்தபோது வெப்பநிலை 424 கெல்வின் அளவுக்கு இறங்கிவிட்டது. அதிகம் சிதையாத எரிமலைப் பாறை அப்படிக் காட்டலாம். அல்லது காற்றும் இருக்கலாம்: புகைமூட்டம் அதன் மேலடுக்கைச் சூடாக்கினால், 15 மைக்ரானில் ஒளியை விழுங்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அதே அலைநீளத்தில் ஒளிரவும் கூடும். என் பார்வையில் பாறைக்கே வாய்ப்பு அதிகம். ஆனால் ஒற்றை வடிகட்டியை வைத்து 'காற்றே இல்லை' என்று எழுதுவது அவசரம்.