64 வினாடியை எண்ணிய கதை

புளோரின்-17 அணுக்கருவில் ஒன்பது புரோட்டான், எட்டு நியூட்ரான். ஆக்சிஜன்-17இல் அதுவே எட்டும் ஒன்பதுமாகத் திரும்பிவிடும். கண்ணாடிப் பிம்பம் போன்ற இந்த மாதிரி ஜோடிகளைத்தான் ஆடி அணுக்கருக்கள் என்கிறோம். புளோரின்-17 ஒரு பாசிட்ரானையும் (நேர்மின் கொண்ட எலக்ட்ரான்) நியூட்ரினோ என்ற மின்னற்ற சிறு துகளையும் விட்டுவிட்டு ஆக்சிஜன்-17 ஆகச் சிதைந்துவிடுகிறது. அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம், சுமார் 64.4 வினாடி. இந்த எண்ணை ஆயிரத்தில் ஒரு பங்குத் துல்லியத்துக்கு அளப்பதுதான் முனைவர் பட்டத்துக்கு எனக்குக் கிடைத்த வேலை.

இந்த இரண்டு அணுக்கருக்களுக்கும் உள்ளே இருப்பது ஆக்சிஜன்-16. புரோட்டானும் எட்டு, நியூட்ரானும் எட்டு, இரண்டுமே மாய எண்கள், அதாவது ஓர் அடுக்கை முழுதாக நிரப்பும் எண்ணிக்கைகள். இப்படி நிரம்பியதுதான் மூடிய கூடு. அதற்கு வெளியே ஒரே ஒரு துகள். துகள்கள் இப்படிக் கூடு கூடாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லும் கூடு மாதிரியைச் சோதிக்க இவ்வளவு எளிமையான அணுக்கரு அமைவது அபூர்வம் என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு தனிப் பிரியம். அந்த ஒற்றைத் துகள் மட்டும் சிதைவில் பங்கெடுக்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால், சிதைவில் துகளின் தற்சுழற்சியோடு தொடர்புள்ள பகுதியின் (காமோவ்-டெல்லர் பகுதி) வலிமை 7/5, அதாவது 1.4 வரவேண்டும். அளவீடுகளிலிருந்து வருவதோ ஏறக்குறைய 1. மூடிய கூடு என்று நாம் சொல்வது முழுக்க மூடியதல்ல, உள்ளிருக்கும் துகள்களும் கொஞ்சம் மேலே ஏறிக் கலக்கின்றன என்பது இந்தக் குறைவுக்கு ஒரு காரணம்.

ஆடியிலும் ஒரு கோணல் உண்டு. ஆக்சிஜன்-17இன் கடைசி நியூட்ரானைப் பிடுங்க 4.1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். புளோரின்-17இன் கடைசிப் புரோட்டானுக்கு 0.6 போதும். அவ்வளவு தளர்வாக இருக்கும் புரோட்டானின் அலை வெளியே நீண்டு பரவும். கோட்பாடு இதையெல்லாம் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க அரை ஆயுள், சிதைவில் வெளிப்படும் ஆற்றல், எந்த நிலைக்கு எத்தனை விழுக்காடு போகிறது என்ற மூன்றும் வேண்டும். இங்கே கிட்டத்தட்ட எல்லாமே ஆக்சிஜன்-17இன் தரைநிலைக்குத்தான், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்குத்தான், போகிறது. ஆற்றலும் நன்றாகத் தெரியும். மிச்சம் அரை ஆயுள்.

செய்முறை கேட்க எளிது. முடுக்கியிலிருந்து வரும் ஆக்சிஜன்-16 கற்றையை டியூட்டீரியம் வாயு வழியே விட்டால் புளோரின்-17 உருவாகும். காந்தங்களால் அதைப் பிரித்து ஒரு உலோகத் தகட்டில் ஐந்தாறு நிமிடம் பதிய விட வேண்டும். அப்புறம் கற்றையை நிறுத்தி, தகட்டை, துகள் பட்டால் ஒளிரும் சிண்டிலேட்டர் முன்னால் நகர்த்தி, இருபது அரை ஆயுள் வரை, அதாவது இருபத்தொரு நிமிடம், பாசிட்ரான்களை எண்ண வேண்டும். கடைசி வரை எண்ணினால்தான் சுற்றுப்புறத்திலிருந்து வரும் பின்னணித் துடிப்பு எவ்வளவு என்று தெரியும். 122 வினாடி அரை ஆயுள் கொண்ட ஆக்சிஜன்-15 போன்ற ஏதாவது கலந்திருந்தாலும் அந்த வாலில்தான் மாட்டும். திரும்பப் பதிய விடு, திரும்ப எண்ணு. நான்கு இரவுகள் இப்படியே போயின.

என்னை வதைத்தது டெட் டைம். ஒரு துடிப்பைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போது அடுத்தது வந்தால் கருவி அதைப் பார்க்காது. வினாடிக்கு 5000 துடிப்பு, ஒவ்வொன்றுக்கும் 10 மைக்ரோவினாடி என்றால் நூற்றில் ஐந்து போய்விடும். தொடக்கத்தில் நிறையப் போகும், கடைசியில் எதுவும் போகாது. அதனால் எண்ணிக்கை குறைந்துவரும் வளைவு தட்டையாகி அரை ஆயுள் நீண்டு தெரியும்.

முதல் இரண்டு இரவுகளின் தரவில் ஒரு சோதனை செய்தேன். முதல் அரை ஆயுளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு மீதிக்கு வளைவைப் பொருத்தி அரை ஆயுளைக் கணக்கிட்டுப் பார்ப்பது, பிறகு இரண்டு, பிறகு மூன்று. எல்லாம் சரியாக இருந்தால் விடை பிழை எல்லைக்குள் ஆடிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அது படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது. வயிறு கலங்கியது. மின்னணுவியல் கையேட்டில் இருந்த டெட் டைமை நம்பித் திருத்தியிருந்தேன், உண்மையில் இருந்தது அதைவிட அதிகம். ஒரே ஒரு மைக்ரோவினாடி பிசகினாலும் தொடக்க எண்ணிக்கை ஆயிரத்தில் ஐந்து பங்கு தப்பாகும். நான் தேடியதோ ஆயிரத்தில் ஒன்று.

வழி சொன்னது என் வழிகாட்டி. எல்லாக் கருவிகளின் டெட் டைமையும்விட நீளமான ஒன்றை நாமே வேண்டுமென்றே திணித்துவிடுவது. அப்போது இழப்பு நமக்குத் தெரிந்த ஒரே எண்ணாகிவிடும். அந்த எண்ணையும் கதிரியக்க மூலம், துடிப்பு உருவாக்கி இரண்டையும் வைத்துத் தனியாக அளந்தோம். மிச்ச இரவுகளில் ஒவ்வொரு முறைக்கும் கருவியின் மின்னழுத்தத்தையும், எவ்வளவு பெரிய துடிப்பிலிருந்து எண்ணுவது என்ற நுழைவு எல்லையையும் மாற்றி மாற்றி எடுத்தோம். பழைய இரண்டு இரவுகளின் தரவைச் சேர்க்கலாமா என்று ஒரு வாரம் பேசினோம். சேர்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பகுப்பாய்வு முடியும்வரை கடிகாரத்தை எனக்குத் தெரியாத ஓர் எண்ணால் பெருக்கி வைத்திருந்தார்கள், பழைய விடைகளை நோக்கி என் கை சாயாமல் இருக்க. கலப்படம், பின்னணி, டெட் டைம், எல்லாப் பிழைகளையும் எழுதி முடித்து ஒப்படைத்த பிறகுதான் அந்த எண்ணைச் சொன்னார்கள். வகுத்தேன். 64.4 பக்கத்தில் வந்து நின்றது. தொடக்கத்தை எவ்வளவு விட்டுப் பார்த்தாலும் அங்கேயே நின்றது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு முதல் வேலையாக அந்தச் சோதனை வரைபடத்தை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டினேன்.