போகும்போதும் கிழக்கு, திரும்பும்போதும் கிழக்கு

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 15,349 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். கடந்த அக்டோபரில் நான் எடுத்த பயணச்சீட்டிலோ 18 மணி 40 நிமிடம் என்றிருந்தது. மிச்ச நேரம் எங்கே போகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே, எதிரிலிருந்த திரையில் சினிமாவை விட்டுவிட்டு வரைபடத்தையே வைத்திருந்தேன்.

கிளம்புவதற்கு முன்பு மகளின் உலக உருண்டையில் நூல் பிடித்தும் பார்த்திருந்தேன். சாங்கி இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில்; நியூயார்க் மேற்கு 74இல். கூட்டினால் 178, ஏறக்குறைய அரைவட்டம். அதனால் இழுத்துப் பிடித்த நூல் சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேராக வடக்கே ஏறி, வட துருவத்தை 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் ஒட்டிக் கடந்து, கனடா வழியாகக் கீழிறங்கியது.

விமானம் அந்த வழியில் போகவில்லை. வடகிழக்கே ஜப்பான் பக்கம் சென்று, வட பசிபிக்கின் மேல் வளைந்து போனது. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் சுற்றுதான். ஆனால் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், சுற்றுவழியே லாபமாகிவிடுகிறது. நள்ளிரவு தாண்டிய ஏதோ ஒரு பொழுதில் திரையில் தரைவேகம் 1,080 என்று காட்டியது. முடிவில் பதினேழே முக்கால் மணி நேரத்தில் தரையைத் தொட்டோம். ஆக, தொலைவு மாறாதது. நேரம் அன்றன்றைய காற்றைப் பொறுத்தது.

இந்தத் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க 161 இருக்கைகள் மட்டுமே. சாதாரண வகுப்பே கிடையாது. என் பணப்பைக்கு அது வருத்தம்தான், முழங்காலுக்கு இல்லை.

இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருத்தப் போனேன். அக்டோபரில் இரு ஊர்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம் என்பதால், முட்களைத் தொடவே தேவையிருக்கவில்லை.

திரும்பும்போதும் அதே காற்றுக்காக விமானம் கிழக்கு நோக்கியே கிளம்பியது. அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்காசியா என்று கடந்து இந்தியாவுக்குள் நுழைந்தபோதுதான், இரு பயணங்களும் சேர்ந்து பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டன என்பது எனக்கு உறைத்தது. நாக்பூர் திரையில் நகர்ந்தது, பிறகு விசாகப்பட்டினம், அப்புறம் வங்கக் கடல். வீடு வந்து மதுரையிலிருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"இவ்வளவு பக்கத்துல வந்துட்டு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகக் கூடாதா?" என்றார்.