தம்பதியாக மிஷன் பயணம்: விசாவிலும் திரும்பி வருவதிலும் இடறும் இடங்கள்

டிக்கெட், தங்குமிடம், அங்குள்ள சபையின் அழைப்புக் கடிதம் இவையெல்லாம் பெரும்பாலும் தானாக முடிந்துவிடும். தம்பதியாகப் போகிறவர்களை முதலில் நிறுத்துவது திருமணச் சான்றிதழ். ஆலயத்தில் போதகர் கையெழுத்துப் போட்டுத் தந்த சான்றிதழ் எவ்வளவு பழுதில்லாமல் இருந்தாலும் நீண்டகால விசாவுக்குப் பொதுவாக அது மட்டும் போதாது. அரசுப் பதிவேட்டிலிருந்து எடுத்த பிரதியும், அதன் மேல் அப்போஸ்டிலும் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று) வேண்டும். அந்தப் பிரதியை லேமினேட் செய்துவிட்டால் தொலைந்தது: பிளாஸ்டிக் மேல் முத்திரை நிற்காது என்று வாங்காமலே திருப்பிவிடுவார்கள். எங்களைத் திருப்பியனுப்பிய கவுன்டரில் காரணத்தைக்கூடச் சொல்லவில்லை. "வேற காப்பி கொண்டு வாங்க" என்பதோடு சரி. பதிவாளரிடம் போகும்போதே இரண்டு அசல் பிரதிகள் வாங்கிவிடுங்கள்.

அப்போஸ்டில் 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டுமே செல்லும். மற்ற நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் தேவை. இதில் பழைய பட்டியலை நம்பினால் வீண் அலைச்சல்தான். சீனா 2023 நவம்பர் 7 முதலும், கனடா 2024 ஜனவரி 11 முதலும் அப்போஸ்டிலை ஏற்கின்றன; பல ஆண்டுகளுக்கு முன் போய்வந்தவர்கள் கொடுக்கும் குறிப்புகளில் இன்னும் தூதரகம் என்றே இருக்கும். மொழிபெயர்ப்பு தேவைப்படும் நாடு என்றால் அப்போஸ்டில் வாங்கிய பிறகே மொழிபெயர்க்கக் கொடுங்கள், இல்லாவிட்டால் அப்போஸ்டில் பக்கத்துக்கு மட்டும் மறுபடி பணம் கட்ட நேரும். நகலெடுக்க வசதியாக இருக்கிறதே என்று பின்னைக் கழற்றாதீர்கள். கழற்றிய ஆவணத்தைத் திருத்தப்பட்டதாகக் கருதித் தள்ளிவிட முடியும்.

மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இல்லையே என்று பயணத்துக்கு முன் அவசரமாக மாற்ற வேண்டாம். இரு பாஸ்போர்ட்டிலும் உள்ள எழுத்துக்கூட்டல் திருமணச் சான்றிதழில் அப்படியே இருந்தால் பொதுவாக அது போதும். பெயரைப் பாதியில் மாற்றினால் தடுப்பூசி அட்டை ஒரு பெயரிலும் டிக்கெட் இன்னொரு பெயரிலும் நிற்கும்.

இனி விசா வகை. அவசரத்தில் சுற்றுலா விசா எடுத்துக்கொண்டு போய் ஊழியம் செய்வது பலரும் செய்கிற காரியம். மாட்டினால் இருவரும் சேர்ந்தே மாட்டுவார்கள். அமெரிக்காவின் ஆர்-1 மதப்பணியாளர் விசாவுக்கு அங்குள்ள சபைதான் முதலில் மனுச் செய்ய வேண்டும். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளாவது நீங்கள் அதே சபைப் பிரிவின் அங்கத்தினராக இருந்திருக்க வேண்டும். எனவே அங்கத்தினர் கடிதத்தில் "நீண்ட காலமாக" என்று எழுதி வாங்காதீர்கள், சேர்ந்த தேதி வேண்டும். கணவர் ஆர்-1, மனைவி துணைக்கு ஆர்-2 என்று போனால் மனைவி படிக்கலாம், வேலை செய்ய முடியாது. மனைவியும் ஊழியத்தில் சம்பளம் பெறுவார் என்றால் அவருக்கும் தனி மனு வேண்டும். சபைகள் "ஊழியக்காரரும் அவர் மனைவியும்" என்று ஒரே கடிதத்தில் முடித்துவிடுகின்றன. பிறகு தவிப்பது மனைவிதான்.

நேபாளத்தில் நிலைமை வேறு. 2017-இல் இயற்றப்பட்டு 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி, ஒருவரை மதம் மாற்றினால் 5 ஆண்டுவரை சிறை. வெளிநாட்டவரென்றால் தண்டனைக்குப் பின் நாடுகடத்தல். அழைப்புக் கடிதத்தில் பள்ளிப் பணி என்றிருந்தால் அங்கே அந்தப் பணிதான் செய்ய வேண்டும். குடிவரவில் இருவரையும் தனித்தனியே நிறுத்திக் கேட்பதும் உண்டு. என்ன வேலை, யார் செலவு, எத்தனை நாள் என்ற மூன்றுக்கும் உண்மையான பதில் இருவர் வாயிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தடுப்பூசியில் நாள்கணக்கு பிசகக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுளுக்கும் செல்லுபடியாகும். 10 ஆண்டு என்று பழைய அட்டையில் அச்சாகியிருந்தாலும் கவலை வேண்டாம். இது உயிருள்ள கிருமியைத் தளர்த்திச் செய்த ஊசி என்பதால் கர்ப்பமாக இருப்பவர், பாலூட்டுபவர், முட்டை ஒவ்வாமை உள்ளவர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். போட முடியாதென்றால் விலக்குச் சான்று வாங்கலாம், ஆனால் அதை ஏற்பதும் மறுப்பதும் போய் இறங்கும் நாட்டின் விருப்பம். ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பும்போது உங்கள் சொந்த நாடே அட்டையைக் கேட்கலாம். இல்லையென்றால் 6 நாள்வரை தனிமையில் வைக்க முடியும். அசல் அட்டை கைப்பையில், பாஸ்போர்ட்டுடன் இருக்கட்டும்.

புரொஜெக்டர், கீபோர்டு, கேமரா எடுத்துப் போகிறவர்கள் ஏ.டி.ஏ. கார்னே பற்றி விசாரியுங்கள். ஓராண்டுக்குச் செல்லும் அந்த ஆவணம் இருந்தால், அதை ஏற்கும் நாடுகளில் சுங்கவரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம். வெளியேறும் முத்திரை விடுபட்டால் பொருள் அங்கேயே விற்கப்பட்டதாகக் கணக்கு வைத்து, பல மாதம் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரும். விமானத்துக்கு நேரமாகிறது என்று அந்தக் கவுன்டரைத் தாண்டி ஓடாதீர்கள். ஒரே வேதாகமத்தை ஐம்பது பிரதி கொண்டுபோனால் வியாபாரச் சரக்காகப் பார்ப்பார்கள். ரொக்கக் காணிக்கையிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் ஒரே குடும்பமாக வருகிறவர்களின் கைப்பணம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆளுக்கு 10,000 யூரோ என்பது வரம்பு.

திரும்புவதற்கு யாரும் நம்மைத் தயார்ப்படுத்துவதில்லை. வழியனுப்பு ஜெபம் இருக்கும், வரவேற்புக் கூட்டம் இருக்கும், நடுவில் செய்ய வேண்டியதை ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆறு மாதமோ ஓராண்டோ ஒரு நாட்டில் இருந்திருந்தால், கிளம்பும் முன்பே அந்த நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று வாங்க முடியுமா என்று பாருங்கள். அடுத்த விசாவுக்கு அதைக் கேட்பார்கள். ஊருக்கு வந்தபின் கைரேகை எடுத்துத் தபாலில் அனுப்பிக் காத்திருப்பது பெரும் பாடு. முன்பு எடுத்த சான்று பழையதாகிவிட்டது என்று சில நாடுகள் மறுப்பதும் உண்டு.

மலேரியா மாத்திரையை வீடு வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. டாக்சிசைக்ளின் என்றால் மலேரியாப் பகுதியை விட்டு வந்தபின்னும் 4 வாரம், அட்டோவாகோன்-புரோகுவானில் என்றால் 7 நாள் தொடர வேண்டும். ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும் எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்னே நீங்கள் சொல்லுங்கள்.

விக்டோரியா ஏரியிலோ மலாவி ஏரியிலோ ஞானஸ்நானம் கொடுக்க இறங்கியவர்களுக்கு இன்னொன்று. அந்த நீரில் நத்தைகளிலிருந்து வெளிப்படும் ஒட்டுண்ணிப் புழு தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். குடித்தால்தான் வரும் என்பதில்லை. ஆரம்பத்தில் அறிகுறியே இல்லாமலும் இருக்கும். கடைசியாக நீரில் இறங்கி 6 முதல் 8 வாரத்துக்குப் பின் ரத்தப் பரிசோதனை செய்தால்தான் சரியாகத் தெரியும்; வந்த வாரமே சோதித்து ஒன்றுமில்லை என்று வந்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால் பிரசிகுவாண்டல் மாத்திரையில் குணமாகும். கரையில் நின்ற துணைவரும் துணி அலசவோ கால் கழுவவோ அந்த நீரில் இறங்கியிருந்தால் இருவரும் சேர்ந்தே சோதித்துக்கொள்ளுங்கள்.