பதிமூன்றுக்குப் பதினைந்து

தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பேருக்குத்தான், முக்கால்வாசி வேலை மனு அடிப்பது. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், மீனவர் அட்டையில் பேர் திருத்தம், இலங்கையில் பிடிபட்டவரை மீட்டுத் தரச் சொல்லி ஆட்சியருக்கு ஒரு நகல், அமைச்சருக்கு ஒரு நகல். ஊரில் யாருக்கு எந்த அரசாங்கத்தின் மேல் என்ன கோபம் என்பது எனக்கு அத்துப்படி. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு அந்தக் கோபத்தை ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்துக் கொடுப்பவன் நான்தான்.

கடைக் கணினியில் ‘மைதானம்’ என்று ஒரு கோப்பு கிடக்கிறது. கல்லூரி வாலிபால் மைதானத்துக்கு ஹைமாஸ் விளக்கு கேட்கும் மனு. வருஷா வருஷம் தேதியை மாற்றுவேன், ‘மாண்புமிகு’வுக்குப் பின்னால் வரும் பேரை மாற்றுவேன், மற்றதெல்லாம் அப்படியே. போன மாதம்தான் கவனித்தேன், மூன்றாவது வரியில் ‘மாலை 6 மணிக்கு மேல் இருல் சூழ்ந்துவிடுவதால்’ என்று இருக்கிறது. ‘இருல்’. இத்தனை வருஷமாக அப்படியேதான் போயிருக்கிறது. ஒரு ஆள் படித்திருந்தாலும் தெரிந்திருக்குமே.

நான் அந்தக் கல்லூரியில் படித்தவன் இல்லை. கல்லூரி பாலத்துக்கு அந்தப் பக்கம், நான் பிளஸ் டூவோடு இந்தப் பக்கமே நின்றுவிட்டவன். அண்ணன் மகன் அங்கே படித்தபோது அவன் ஆடுவதைப் பார்க்கப் போனேன். அவன் படிப்பை முடித்து குவைத்துக்குப் போய்விட்டான். நான் இன்னும் பாஸாகவில்லை. “உங்களுக்கும் அந்தக் காலேஜுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று என் மனைவி கேட்காத சனிக்கிழமை கிடையாது. ஆடும் ஆறு பேரில் நான்கு பேர் நம் தீவுப் பையன்கள் என்பேன். “அப்ப அந்த நாலு பேரு வீட்டுல போய்ச் சாப்பிடுங்க” என்பாள்.

சனிக்கிழமை என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மட்டும்தான் கடலுக்குப் போகும், மறுநாள் காலை கரைக்கு வரும். கையில் காசில்லாத பையன்கள் படகில் கூலிக்கு ஏறிவிடுவார்கள். ஞாயிறு காலை இறால் பிரித்துவிட்டுக் குளிக்காமல் பயிற்சிக்கு வந்து நிற்பான் ஒருவன், பந்தெல்லாம் கவிச்சி அடிக்கும். கல்லூரிக்கு முறையான பி.டி. சார் வேறு இல்லை. ஒருவர் மாற்றலாகி வந்தார். ‘தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிச்சிட்டாங்க’ என்று வந்த அன்றைக்கே முகத்தைத் தொங்கப்போட்டவர், எட்டாம் மாதம் ஆளைப் பிடித்து ஊரைப் பார்க்கப் போய்விட்டார். அவரைத் திட்டி என்ன செய்ய. எந்த ஊர் அதிகாரியை மிரட்டவும் எங்கள் மாவட்டத்தைத்தானே சொல்கிறார்கள். இப்போது பழைய ஆட்டக்காரர் ஒருவர், டீசல் மெக்கானிக், சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து கற்றுக்கொடுக்கிறார். சம்பளம் டீயும் வடையும்.

வலைக்கு ஒரு கதை உண்டு. 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் தரப்பில் இரண்டு பந்தும் ஒரு வலையும் கொடுத்து, எல்லோரும் நின்று போட்டோ பிடித்தார்கள். ஏப்ரல் 19 ஓட்டுப் போட்டோம், ஜூன் 4 எண்ணினார்கள். நடுவில் ஒன்றரை மாதம். அது மீன்பிடித் தடைக்காலம் வேறு, ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. சும்மா இருந்த பையன்கள் அத்தனை பேரும் ராத்திரி பகலாக அடித்ததில் எண்ணிக்கைக்கு முன்னாலேயே வலை நடுவில் பிய்ந்துவிட்டது. புது வலை கேட்டு மனு அடிக்கிறேன் என்றேன். பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாம்பனில் ஒரு வயசான சம்மாட்டியிடம், அதாவது படகுக்காரரிடம், தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் வலையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கண்ணிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “இவ்வளவு பெரிய கண்ணியில எதடா பிடிக்கப் போறீக?” பந்துக்கு என்றார்கள். ஸ்கேல் ஒன்றும் கேட்கவில்லை, உள்ளங்கையை வைத்தே அளவு பிடித்தார். வலை ஊசியில் பச்சை நைலான் நூலைச் சுற்றி, முடிச்சுக்கு முடிச்சு பல்லால் இழுத்து இறுக்கி, ஒரு மணி நேரத்தில் பொத்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. இப்போது எங்கள் வலை முக்கால் வெள்ளை, கால் பச்சை. பச்சைப் பகுதி கொஞ்சம் விறைப்பு. அங்கே பட்ட பந்து வெள்ளையில் பட்டது போலத் தொங்கி விழாது, சடாரென்று திரும்பி வரும். இது வெளியூர் அணிகளுக்குத் தெரியாது. எங்கள் மைதானத்தில் நாங்கள் தோற்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வெளியில் சொல்வதில்லை.

இனி டீக்கடைக் கோஷ்டி. ஐஸ் கம்பெனி மாமா உதயசூரியன். டீ மாஸ்டர் இரட்டை இலை. ரிட்டையர்டு வாத்தியார் எந்தக் கட்சி என்று அவர் வீட்டுக்கே தெரியாது, ஆனால் எல்லா வருஷமும் தேதியும் அவர் வாயில் இருக்கும். தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ஆக்கியது யார் சாதனை, பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திப் புதுப் பாலம் திறக்க 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை ஆனது யார் லட்சணம், இதெல்லாம் தினமும் காலை ஆறரைக்கு. ரயில் நின்ற அந்த இரண்டு வருஷத்துக்கு மேல் எங்கள் பையன்கள் பஸ்ஸில் தொங்கித்தான் பயிற்சிக்குப் போனார்கள், அதனால் இந்த ஒரு விஷயத்தில் நானும் வாயைத் திறப்பேன். உள்ளூர்ப் பிரதிநிதி ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது வாத்தியார் ஒரே வரியில் முடித்தார்: “லிபரோ மாதிரிப்பா அவரு. சட்டை மட்டும் வேற கலரு. எகிறி அடிக்க அதிகாரம் கிடையாது.” லிபரோ என்றால் பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக் கொடுக்க மட்டும் இறங்குகிற ஆட்டக்காரர், வாலிபால் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும். மாமா இரண்டு நாள் சிரித்தார்.

சரி, எங்கள் கல்லூரி அணி ஆடிய இறுதிப் போட்டிக்கு வருகிறேன். காரைக்குடிப் பக்கம் ஒரு உள்ளரங்கம். வேன் பேசி பதினான்கு பேர் போனோம். தேவகோட்டை தாண்டும்வரை அரசியல் பேசக் கூடாது என்று ஒப்பந்தம். ஒப்பந்தம் ஆர்.எஸ். மங்கலம் கண்மாயில் உடைந்தது. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று வாத்தியார் பெருமையாக ஆரம்பித்தார். அந்த நாற்பத்தெட்டில் இப்ப எத்தனை மடை திறக்கும் என்று டீ மாஸ்டர் கேட்டார். அப்புறம் யார் நிறுத்த முடியும்.

இறங்கியதும் லிஃப்டர் பையன், அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன், என்னிடம் வந்து போனைக் கொடுத்தான். அவன் அண்ணன் பிடிபட்டு மூன்று வாரம், யாழ்ப்பாணம் சிறையில். அன்றைக்கு ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் வழக்கு. “அண்ணே, மீனவர் சங்கத்துலருந்து போன் வரும். விட்டுட்டாங்கன்னா கையைத் தூக்குங்க. இல்லைன்னா ஒண்ணும் செய்யாதீங்க, நான் புரிஞ்சுக்குவேன்” என்றான். போனைச் சட்டைப் பையில் போட்டேன். உறையில் உப்பு பூத்திருந்தது.

ஆட்டம் தொடங்குமுன்னே ஒரு கூத்து. எங்கள் அணியில் மூன்று பேருக்கு ஒரே புனிதர் பேர், இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. ஸ்கோர் எழுதுகிற தம்பி பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நம்ம தொகுதிக்கு இது புதுசா தம்பி? 2024-ல ஓ. பன்னீர்செல்வம் நின்னப்ப அதே பேருல, அதே இனிஷியல்ல இன்னும் அஞ்சு பேரு மனு போட்டாங்க. நாங்க பலாப்பழச் சின்னத்தப் பாத்துத்தான் கண்டுபிடிச்சோம். நீ பனியன் நம்பரப் பாரு” என்றார் மாமா. தம்பி சிரிக்கவில்லை. காரைக்குடிக்காரன்.

முதல் செட் போச்சு, 25-க்கு 17. காரணம் காற்று, அதாவது காற்று இல்லாதது. எங்கள் பையன்கள் கடற்கரையில் சர்வீஸ் கற்றவர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பந்தைக் கோட்டுக்கு வெளியே குறிவைத்து அடித்தால்தான் காற்று அதை உள்ளே தள்ளிக்கொண்டு போய் விடும். நாலு சுவருக்குள் தள்ள யார் இருக்கிறார்கள்? குறிவைத்த இடத்துக்கே, வெளியே, போய் விழுந்தது. ஏழு சர்வீஸ் வீண். மெக்கானிக் சார் இடைவேளையில் கத்தவில்லை. “உள்ள குறி வைங்கடா, இங்க கடல் இல்ல” என்று மட்டும் சொன்னார். இரண்டாவதை எடுத்தோம். மூன்றாவது போனது. நான்காவது செட்டில் 22-22.

அப்போது பை அதிர்ந்தது.

தெரியாத நம்பர். சங்கத்துக்காரர் யார் போனிலிருந்தாவது கூப்பிடலாம் என்று எடுத்துக் காதில் வைத்தேன். “வணக்கம், நான் உங்கள்...” என்று ஒரு குரல். மனித குரல்தான், ஆனால் பதிவு செய்தது. ஆட்சியின் திட்டங்கள் உங்களை வந்து சேர்ந்தனவா, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2. துண்டிக்கலாம் என்று நிமிர்ந்தால் மைதானத்திலிருந்து அந்தப் பையன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். போனைக் காதிலிருந்து எடுத்தால் ஏதோ சேதி என்று நினைப்பான், வைத்திருந்தாலும் நினைப்பான். வெறும் கையை ஆட்டினேன், அவனுக்கு என்ன புரிந்ததோ. அடுத்த பந்து அவன் விரலில் இரண்டு தட்டாகப் பட்டது, விசில். 22-23. நான் 2-ஐ அழுத்தினேன். ஆறு தடவை அழுத்தினேன்.

அவன் பெரிய ஆட்டக்காரன். அடுத்து மூன்று பந்து, மூன்றும் பட்டுப் போலத் தூக்கிக் கொடுத்தான். இடது மூலையில் நின்ற பையன் மூன்றையும் தரையில் அறைந்தான். 25-23. டீ மாஸ்டரும் மாமாவும் கட்டிப்பிடித்து நின்றதை நான் பார்த்தேன். ஊரில் சொன்னால் இருவருமே மறுப்பார்கள்.

ஐந்தாவது செட் 15 வரைதான். எட்டில் பக்கம் மாறும்போது நாங்கள் எட்டு, அவர்கள் ஆறு. அப்புறம் எப்படியோ 12-14. ஒன்று எடுத்து 13. சர்வீஸ் எங்களுக்கு. சர்வீஸ் போட வந்தவன் ஞாயிறு காலை கவிச்சியோடு வந்து நிற்பானே, அவன். ஆட்டம் முழுக்க உள்ளே உள்ளே என்று அடித்துக்கொண்டிருந்தவன்தான். ஆனால் அந்த நேரத்தில் கை பழைய கையாகிவிட்டது போல. பந்து அழகாகப் போனது. வெளியே ஒரு முழம். கடற்கரையாக இருந்தால் உள்ளே வந்திருக்கும். அவன் கோட்டைப் பார்க்கவில்லை, மேலே கூரையைப் பார்த்தான்.

நடுவர் ஒருதலைப்பட்சம், பந்து கோட்டைத் தொட்டது, தேர்தல் ஆணையம் மாதிரி நடக்கிறார்கள் என்று வேனில் ஏறும்வரை எங்கள் ஆட்கள் பேசினார்கள். தொடவில்லை. நான் அந்தக் கோட்டுக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் சொல்லவில்லை.

பையன்கள் கல்லூரி பஸ்ஸில் போனார்கள், லிஃப்டர் மட்டும் எங்கள் வேனில் ஏறிக்கொண்டான். திரும்பவும் அதே கண்மாய்க்கரை வரும்போது சங்கத்திலிருந்து நிஜமான போன் வந்தது. அவனே எடுத்தான். “சரிண்ணே... சரிண்ணே” என்றான். காவல் இன்னும் பதினான்கு நாள் நீட்டிப்பு. கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மாமா, 1974-ல் கச்சத்தீவைக் கொடுத்ததில் ஆரம்பித்தது என்றார். 1976 ஒப்பந்தத்தையும் சேர்த்துச் சொல்லு என்றார் வாத்தியார். பையன் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான், அல்லது தூங்குவது போல இருந்தான். இராமநாதபுரத்தில் நிறுத்திப் பரோட்டா வாங்கிக் கொடுத்தோம். ஆறு சாப்பிட்டான்.

அண்ணன் அடுத்த வாய்தாவில் விடுதலையாகி வந்துவிட்டார். படகு வரவில்லை. அந்தப் படகின் சம்மாட்டி கடைக்கு வந்து படகை மீட்கச் சொல்லி மனு அடித்தார், மூன்று நகல்.

அவர் போனதும் ‘மைதானம்’ கோப்பைத் திறந்தேன். திங்கட்கிழமை குறைதீர் நாள், தேதியை மாற்றினேன். ‘இருல்’ மேல் சுட்டியை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம் அப்படியே விட்டு அச்செடுத்துவிட்டேன். இந்தத் தடவை யாராவது படிக்கிறார்களா பார்க்கலாம்.