மண்ணெண்ணெயிலிருந்து பெற்றோலுக்கு: மொறிஸ் மைனரின் காபரேற்றர் ஒருவாறு வழிக்கு வந்தது

குளிர்ந்த எஞ்சினை எழுப்பக் கலவையைச் செறிவாக்கும் சோக்கை உள்ளே தள்ளிய பின்னரும் நின்றுபோகாமல், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் அடியிலிருந்து ஒரு சொட்டுப் பெற்றோலும் சிந்தாமல், எங்கள் மொறிஸ் மைனர் கார் சென்ற வாரம் சீராக இயங்கியது. இலங்கையின் வடக்கே பருத்தித்துறையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனை வரை பழைய சிறிய கார்களை ஓட்டிச் செல்வதென்றும், ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஆதரவாளர்கள் தரும் பணத்தைக் கண்ணிவெடியில் கால் இழந்தவர்களின் செயற்கைக் காலுக்குக் கொடுப்பதென்றும் நண்பர்கள் சிலர் கூடி முடிவெடுத்த நாள் முதல், தகட்டு வேலை, நிறப்பூச்சு, இருக்கைத் தையல் என மற்றவை யாவும் மெதுவாகவேனும் நகர்ந்துகொண்டிருந்தன. கையில் அடங்கும் இந்த ஒரு கருவி மட்டும் எல்லாவற்றையும் மறித்துக்கொண்டு நின்றது. ஆகவே இம்முறை காபரேற்றரைப் பற்றியே எழுதுகிறேன். காரின் நிறம் பற்றி முன்பு கேட்டிருந்த வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

வண்டி 1958ஆம் ஆண்டின் மைனர் 1000. 948 சிசி எஞ்சின், எஸ்யூ நிறுவனத்தின் எச்2 வகைக் காபரேற்றர். 1990களில் பெற்றோல் வன்னிக்குள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில் இது கிளிநொச்சிக்கும் மல்லாவிக்கும் இடையே மண்ணெண்ணெயில் ஓடியது. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் வவுனியாவுக்குப் போய், அங்கே உறவினர் ஒருவரின் கொட்டகையில் நின்றுவிட்டது. அப்படி நின்றதனால்தான் 2009இல் இறுதிப் போரின்போது மற்ற வண்டிகளுக்கு நேர்ந்தது இதற்கு நேரவில்லை.

மண்ணெண்ணெயில் ஓட்டிய முறை இங்கே ஒரு தலைமுறைக்கே தெரியும். சேலைன் போத்தலில் சிறிது பெற்றோல் வைத்து, அதைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பிச் சூடாக்கியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்த வண்டியில் அதற்கு மேலும் பல வேலைகள் செய்யப்பட்டிருந்தன. காபரேற்றருக்குப் போகும் செப்புக் குழாயை, எஞ்சினின் சூடான புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதியான புகை மனிபோல்டின் மேல் பல சுற்றுச் சுற்றி, மண்ணெண்ணெய் சூடாகிச் சேரும்படி வைத்திருந்தார்கள். இந்த எஞ்சினில் காற்றை இழுக்கும் மனிபோல்டும் புகை மனிபோல்டும் ஒரே பக்கத்தில் இருப்பது அதற்கு வசதியாக அமைந்துவிட்டது. மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் கட்டுப்பாடின்றி எரிந்து எளிதில் தட்டுமென்பதால், அழுத்தத்தைக் குறைப்பதற்கு, சிலிண்டர்களை மூடும் ஹெட்டின் கீழ் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு காஸ்கெற் (இடைத்தகடு) போட்டிருந்தார்கள். தீப்பொறி நேரத்தையும் பின்தள்ளியிருந்தார்கள். காபரேற்றரில் எரிபொருள் வெளிவரும் சிறு குழாய்தான் ஜெற்; அதற்குள் ஏறியிறங்கி எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்துவது ஊசி. அந்த ஊசி அரத்தால் மெலிவிக்கப்பட்டிருந்தது, ஜெற்றின் துவாரம் பெரிதாக்கப்பட்டிருந்தது.

இவற்றைச் செய்த மெக்கானிக் இன்றும் இருக்கிறார். ஊசியைக் கொண்டுபோய்க் காட்டியபோது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, அந்த நேரம் இது ஓடினாலே பெரிய காரியம். நல்லா ஓடவேணும் எண்டு ஆர் கேட்டது?” என்றார். அவர் சொன்னது நியாயம். அளவுகோலும் உதிரிப்பாகமும் இல்லாமல், அரமும் காதும் மட்டும் கொண்டு அவர் செய்த வேலை என்னுடைய வேலையைவிடக் கடினமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி ஒற்றைக் காஸ்கெற் போட்டதும், தீப்பொறி நேரத்தைக் கையேட்டின்படி திருப்பி வைத்ததும் பெரிய வேலைகளல்ல. செப்புச் சுருளை அகற்றியது மட்டும் அவசியமான வேலை. அதை விட்டிருந்தால் பெற்றோல் அதற்குள்ளேயே கொதித்து ஆவியாகி, வெயிலில் எஞ்சின் மூச்சடைத்து நின்றிருக்கும். புதிய குழாயை மனிபோல்டிலிருந்து விலக்கி முன்பக்கமாகக் கொண்டுவந்தேன்.

உண்மையான தொல்லை பெற்றோல் ஒழுகுவதில் இருந்தது. எச்2 வகையில் ஜெற் என்பது அசையாத துண்டு அன்று; சோக்கை இழுக்கும்போதெல்லாம் அது கீழே இறங்கி, தள்ளும்போது மேலேறும். பெற்றோல் மிதவைக் கிண்ணத்திலிருந்து நேரே அந்த ஜெற்றைச் சுற்றியுள்ள அறைக்குள் வருகிறது. அது வெளியே வராமல் தடுப்பவை இரண்டு சிறிய தக்கை வளையங்கள். மேலே ஒரு வளையம், அதன் கீழே குழிந்த பித்தளை வாசர், நடுவே சுருள்வில், மறுபடி பித்தளை வாசர், மறுபடி தக்கை வளையம். வில் இரண்டு தக்கைகளையும் இரு திசையிலும் அழுத்த, அவற்றின் நடுவே ஜெற் வழுக்கிச் செல்கிறது. வாசரின் குழிந்த முகம் தக்கையைப் பார்த்திருக்க வேண்டும். பூட்டும்போது வில் ஒரு பக்கம் சரிந்தால் வாசர் சாய்ந்துவிடும். சாய்ந்தது வெளியே தெரியாது, முழுவதையும் பூட்டிப் பெற்றோல் விட்ட பிறகுதான் தெரியும். காபரேற்றரைத் தலைகீழாகப் பிடித்து, ஜெற்றையே வழிகாட்டியாக நுழைத்து, அதன்மேல் ஒவ்வொன்றாகக் கோத்து இறக்குவதைத் தவிர வேறு முறை எனக்குக் கைகொடுக்கவில்லை.

ஆண்டுக்கணக்காக உலர்ந்து சுருங்கியிருந்த பழைய தக்கைகளை மாற்றி, புதியவற்றை எஞ்சின் ஒயிலில் ஊறவைத்துப் பூட்டினேன். ஒழுகவில்லை. சோக்கை ஒருமுறை இழுத்துத் தள்ளினேன், ஒழுகியது. மறுபடியும் புதிய தக்கைகள், மறுபடியும் அதே கதை. கடைசியில் ஜெற்றைத் துடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் காரணம் புலப்பட்டது. அந்தக் காலத்து மண்ணெண்ணெயில் வந்த அழுக்கு உறையும்போதெல்லாம் ஜெற்றின் வெளிப்புறத்தை மண்கடதாசியால் தேய்த்திருக்கிறார்கள். பித்தளையில் விழுந்த கீறல்கள் ஒவ்வொரு அசைவிலும் தக்கையை அறுத்துக்கொண்டிருந்தன. கீறிய ஜெற்றுக்கு எத்தனை தக்கை போட்டாலும் பயனில்லை. ஒழுகும் எச்2 வைத்திருப்பவர்கள் தக்கையைக் குறைகூறுவதற்கு முன் ஜெற்றின் வெளிமேனியை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தடைப்பட்டால் வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஜெற் வாங்கிய கதை தனி. கொழும்பில் ஒரு கடைக்காரர் தொலைபேசியில் “மைனருக்குரியதுதான், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்” என்று உறுதி கூறி, வாலில் நைலோன் குழாய் தொங்கும் ஜெற்றை அனுப்பினார். அது 1962 முதல் வந்த 1098 சிசி எஞ்சினுக்குரிய எச்எஸ்2 வகை. அதில் தக்கை வளையமே கிடையாது, பெற்றோல் அந்த நைலோன் குழாய் வழியாக நேரே வரும். எங்கள் காபரேற்றருக்கு அது எவ்வகையிலும் பொருந்தாது. திருப்பி அனுப்பியதற்கான பணம் இன்னும் வரவில்லை. இங்கிலாந்தில் இந்த வண்டிக்கான உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுவதால், இலண்டனிலிருந்து விடுமுறையில் வந்த மைத்துனரின் பெட்டியில் சரியான ஜெற்றும், கையேட்டில் குறித்த எழுத்துப் பொறித்த ஊசியும், இரண்டு தொகுதித் தக்கைகளும் வந்து சேர்ந்தன. தபாலில் வருவித்து வரியும் கட்டுவதைவிட இதுவே இலகு. கொழும்பின் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் தேடுவதும் நல்லதுதான். ஆனால் பொருளைக் கையிலெடுத்து, பழையதோடு சேர்த்துவைத்துப் பார்க்காமல் அங்கே வாங்கக்கூடாது.

ஊசியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. பழைய ஊசியின் தண்டில் எழுத்து அப்படியே இருந்தது. அரம் பட்டது கீழே கூம்பும் பகுதியில் மட்டுமே. எழுத்தைப் பார்த்துச் சரியான ஊசி என்று நம்பிப் பூட்டினால், மெதுவோட்டத்தில் ஒரு குணமும் வேகத்தில் இன்னொரு குணமுமாக எஞ்சின் நம்மை அலைக்கழிக்கும். புதிய ஊசியின் தோள், காபரேற்றருக்குள் ஊசியைத் தாங்கி ஏறியிறங்கும் பிஸ்ரனின் அடிமுகத்தோடு மட்டமாக இருக்கும்படி வைத்து இறுக்கினேன்.

பிறகு ஜெற்றை நடுநிலைப்படுத்தும் வேலை. பூட்டு நட்டைத் தளர்த்தி, ஜெற்றை முழுவதும் மேலே ஏற்றி, பிஸ்ரனைத் தூக்கி விழவிட்டு, ஊசியே ஜெற்றை நடுவுக்குத் தள்ளும்படி செய்து நட்டை இறுக்க வேண்டும். சரியாக இருந்தால் பிஸ்ரன் விழும்போது மெல்லிய ‘டிக்’ என்ற உலோகச் சத்தம் கேட்கும். ஜெற்றை இறக்கிவிட்டு மறுபடி விழவிடும்போதும் அதே சத்தம் வரவேண்டும். இரண்டாவது கூர்மையாகக் கேட்டால் ஊசி எங்கோ உரசுகிறது. பட்டறையில் வானொலியை நிறுத்தி, அயல் வீட்டு நீர்ப்பம்பி ஓயும்வரை காத்திருந்துதான் இதைக் கேட்டேன். நட்டை இறுக்கும் கடைசிக் கால் சுற்றில் ஜெற் தானும் சேர்ந்து திரும்பப் பார்க்கும்; ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு ‘டிக்’கும் ஒன்றாகக் கேட்டபோது வீட்டிலுள்ளவர்களையும் கூப்பிட்டுக் கேட்கச் செய்தேன். அவர்களுக்கு அதில் ஒரு சிறப்பும் தெரியவில்லை.

கலவையைச் சரிபார்க்கும் முறை உங்களுக்குத் தெரிந்ததே: பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்தினால், வேகம் ஒரு கணம் கூடி மீள வேண்டும். இப்போது அப்படியே நடக்கிறது. வெயிலேறிய நேரத்தில் முறிகண்டி வரை ஓட்டி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கித் தின்று முடியும்வரை சூடான எஞ்சினை நிறுத்தி வைத்தேன். சாவியைத் திருப்பி இழுவையை இழுத்ததும் எஞ்சின் உடனே எழும்பியது. ஆவியடைப்பு இல்லை என்று அதன் பிறகே நம்பினேன்.

மீதமுள்ளவற்றில் பெரியது முன்சக்கரத் தாங்கி. இந்த வண்டியின் முன்சக்கரம் மேலும் கீழும் திருகுப் புரியில் திரும்பும் ட்ரனியன்களில் நிற்கிறது. கிறீஸ் காய்ந்து புரி தேய்ந்துவிட்டால் சக்கரம் கழன்று மடிந்துபோகும்; மைனர் வைத்திருக்கும் எவரும் இதற்கு அஞ்சுவார்கள். எங்கள் உள்வீதிகளின் கிரவல் தூசி கிறீஸோடு சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடுகிறது. வலப்பக்கப் புரியில் ஆட்டம் தெரிகிறது. இடமும் வலமும் எதிரெதிர்ப் புரிகள் என்பதால், பட்டியலில் பக்கத்தைத் தெளிவாக எழுதி இலண்டனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஹெட்டைப் பற்றியும் ஒரு முடிவெடுக்க வேண்டும். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. இந்த வார்ப்பிரும்பு ஹெட்டின் வால்வு இருக்கைகள் ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை. மண்ணெண்ணெயில் மெதுவாக ஓடிய காலத்தில் அவை பெரிதாகத் தேயவில்லை என்று தெரிகிறது. நாடு முழுவதையும் கடக்கும் ஓட்டத்துக்கு முன் கடினமான இருக்கை வளையங்கள் போடுவதா, ஓடி முடித்தபின் போடுவதா என்று மெக்கானிக் ஐயாவோடு இன்னும் வாதம் நடக்கிறது. முன்பே போடுவதுதான் என் விருப்பம். யாழ்ப்பாணத்தில் அதைச் செய்யும் கடைசல் பட்டறையில் விலை கேட்டிருக்கிறேன்.

பிரேக்கைச் சோதிக்க வன்னியில் ஓர் இறக்கமும் இல்லை. மாத்தளைக்கு அப்பால் கண்டி வரை ஏறி இறங்கிப் பார்ப்பதற்கு ட்ரனியன் வந்து பூட்டிய பின்னரே புறப்படுவேன். மாற்றுத் தக்கைத் தொகுதி ஒன்றும் ஒயில் நிரப்பிய சிறு போத்தலும் இப்போதே முன்தட்டில் ஏற்றப்பட்டுவிட்டன.