ஆயா மென்ற கள்ளிமுளையான்

போன ஞாயிற்றுக்கிழமை பாலமதி மலைப் பக்கம் போயிருந்தேன். நல்ல மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. பாறை இடுக்கில், ஒரு முள் புதரின் நிழலில், கள்ளிமுளையான் விரல் நீளத்துக்கு எழும்பி நின்றது. நாலு பட்டைத் தண்டு, இலையே கிடையாது. ஒன்றைக் கிள்ளி, ஓரத்து நாரை நகத்தால் உரித்து வாயில் போட்டேன். முதலில் புளிப்பு, பின்னாலேயே லேசான கசப்பு. எங்க ஆயா கண்முன் வந்துவிட்டாள்.

ஆயா கணியம்பாடிப் பக்கம் ஆடு மேய்த்தவள். காலையில் கூழைக் குடித்துவிட்டு மலையேறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். "ரெண்டு முளையான மென்னுகினு தண்ணி குட்சா பசி கிட்டக்கவே வராது நைனா" என்பாள். எது முளையான், எது கள்ளி என்று பார்க்கவும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒடித்தால் பால் வரக் கூடாது, தண்ணிதான் வரணும்.

ஆப்பிரிக்காவின் காலஹாரி பாலைவனத்தில் சான் என்ற வேட்டைக்குடிகள் இதையேதான் செய்து வந்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அவர்கள் செடி ஹூடியா. நம் முளையானுக்குப் பங்காளி. இரண்டும் எருக்கின் குடும்பம். ஹூடியாவுக்கு மேலெல்லாம் முள். பூ தட்டு மாதிரி விரியும், அழுகிய கறி வாடை வீசும், ஈக்கள் மொய்த்து மகரந்தம் சேர்க்கும். நாள்கணக்கில் நடக்கும் வேட்டையில் முள்ளைச் சீவிவிட்டு, உள்சதையைப் பச்சையாகவே தின்பார்களாம். பசியும் அடங்குமாம், தாகமும் அடங்குமாம்.

1990களில் தென்னாப்பிரிக்க அரசு ஆராய்ச்சி மன்றம் ஒன்று இதிலுள்ள பசியடக்கும் பொருளுக்குக் காப்புரிமை வாங்கியது, சான் மக்களை ஒரு வார்த்தை கேட்காமல். எனக்கு வயிறு எரிகிறது. சோறில்லாதவன் கண்டுபிடித்ததை, தின்று பெருத்தவன் இளைப்பதற்கு மாத்திரையாக்கப் பார்த்தார்கள். சான் மக்கள் விடாமல் போராடி 2003-இல் ஒப்பந்தம் போட்டார்கள்: மன்றத்துக்கு வரும் உரிமத்தொகையில் 6 சதவீதம் அவர்களுக்கு. ஆனால் இதை இளைக்கவைக்கும் உணவாக விற்கப் பார்த்த யூனிலீவர் நிறுவனம் 2008-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அதற்குள் காட்டில் ஹூடியாவை அள்ளு அள்ளென்று அள்ளியதில், உலக வணிகத்தில் அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஆயா வேரோடு பிடுங்க விடவே மாட்டாள். "நுனிய மட்டும் கிள்ளு, அடுத்த மழைக்கு அது வரணுமில்ல?" அன்றைக்கும் ஒரு பிடிதான் கிள்ளினேன். வீட்டில் அம்மா நார் எடுத்து வதக்கி, காய்ந்த மிளகாய், உளுத்தம்பருப்பு, புளி வைத்துத் துவையல் அரைத்தாள். அம்மியில்தான்.