‘வேர்’ அட்டைக் கட்டு: வியட்நாமியக் கற்போருக்காகச் செய்து பார்த்தது

ஆங்கிலம் கற்கும் வியட்நாமியருக்காகச் செய்த மனப்பாட அட்டைகள் (ஃபிளாஷ் கார்டு) பற்றியது இது. இங்கே ‘வேர்’ என்பது மரத்தின் வேர் அல்ல. ஃபுட்வேர், ஸ்போர்ட்ஸ்வேர் என்பவற்றின் வாலில் இருக்கும் ஆங்கிலச் சொல்; வினையாக வரும்போது அணிவது என்று அர்த்தம். வியட்நாமிய மொழியில் இதற்கு ஒரே இணைச்சொல் கிடையாது. சட்டை, பேன்ட்டுக்கு ‘மக்’. தலையில் வைப்பதற்கு ‘டோய்’. ஷூ, சாக்ஸுக்கு வடக்கே ‘டி’, தெற்கே ‘மாங்’. கண்ணாடி, மோதிரம், கைக்கடிகாரம், முகக்கவசத்துக்கு ‘டெவ்’. டை, பெல்ட்டுக்கு ‘தட்’. மஃப்ளருக்கு ‘குவாங்’. தமிழ் எழுத்தில் தொனி (சொல்லின் அர்த்தத்தை மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) வராது, ஆகவே அட்டையில் வியட்நாமிய எழுத்தே இருக்கட்டும்.

‘வேர் = மக்’ என்று ஒரே அட்டை போட்டால் பலிக்காது. தொப்பி என்றதும் கற்பவர் மனதில் ‘மக்’ வருவதே இல்லை. அதனால் ‘வேர்’ என்பதும் வராது. பொருளுக்கு ஒரு அட்டை என்று 14 பொருள்கள் எடுத்தால் போதும்: முன்பக்கம் படமும் வியட்நாமியத் தொடரும், பின்பக்கம் முழு ஆங்கில வாக்கியம். முதல் அட்டை ஹெல்மெட். வியட்நாமில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் கட்டாயம் என்பதால், தினமும் புழங்கும் தொடர் அது.

இந்த அடுக்கு சீக்கிரம் ஏறிவிடும். பல வினைகள் ஒன்றில் அடங்குவது யாருக்கும் சிரமமில்லை. உழைப்பைக் கொட்ட வேண்டிய இடம் ‘புட் ஆன்’. ஆங்கிலத்தில் போடும் செயலுக்கு அது, போட்டிருக்கும் நிலைக்கு ‘வேர்’. போடும் செயல், போட்டிருக்கும் நிலை இரண்டுக்கும் வியட்நாமிய மொழியில் ஒரே வினை போதும். அதனால் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே “வெயிட், ஐ ஆம் வேரிங் மை ஷூஸ்” என்பார்கள். தமிழில் ‘போட்டுக்கொண்டிருக்கிறான்’, ‘போட்டிருக்கிறான்’ என்று பிரிப்பது போல அவர்கள் வினை பிரிவதில்லை. செயலை அழுத்திச் சொல்ல ‘வாவ்’ என்ற சொல்லைப் பின்னால் சேர்ப்பதுண்டு, பேச்சில் அதையும் விட்டுவிடுவார்கள்.

சரிப்படுத்த: ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு படங்கள். ஒன்றில் கை கயிற்றின் மேல் இருக்க வேண்டும். மற்றதில் ஆள் ஷூவோடு நிற்க வேண்டும். கால் மட்டும் தெரியும் படம் இரண்டுக்கும் பொருந்திவிடும், அதை எடுத்துவிடுங்கள். செயல் அட்டைகளில் முதலில் ‘வாவ்’ சேர்த்தே எழுதுங்கள். பதில் தடுமாறாமல் வரத் தொடங்கியதும் அதை நீக்குங்கள். நீக்கிய பிறகு தவறு திரும்பினால், கற்பவர் படத்தைப் பார்க்காமல் ‘வாவ்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம்.

எதிர்த்திசையிலும் ஒரு குழி உண்டு. ‘டெவ்’ முதுகுப்பைக்கும் தோள்பைக்கும் வரும். அந்தப் பழக்கத்தில் கைப்பையையும் ‘வேர்’ ஆக்கிவிடுகிறார்கள். முதுகுப்பைக்குப் பரவாயில்லை, கைப்பைக்கு ‘கேரி’தான். இதற்கு ஒரே ஒரு ஒப்பீட்டு அட்டை போதும்.

ஒலி அட்டைகளில் தனிச்சொல்லை வைக்காதீர்கள். ‘வேர்’ என்பதும் ‘எங்கே’ என்று கேட்கும் சொல்லும் ஒரே ஒலி. இறந்தகால ‘வோர்’, பிரிட்டிஷ் உச்சரிப்பில் போரைக் குறிக்கும் சொல்லாகவே கேட்கும். முழு வாக்கியம் இல்லாமல் விடை சொல்ல முடியாது. வியட்நாமிய அசை ‘ஸ்’ ஒலியில் முடிவதில்லை என்பதால் ‘ஷி வேர்ஸ்’ என்பதன் கடைசி ஒலி சொல்லும்போதும் விடுபடுகிறது, கேட்கும்போதும் விடுபடுகிறது. கேட்டு எழுதும் அட்டையாக மாற்றினால் எது தவறியது என்று உடனே தெரியும். காலத்துக்காக வினை உருமாறுவது அவர்கள் மொழியில் இல்லாததால் ‘வோர்’, ‘வோர்ன்’ இரண்டையும் நேற்று, ஏற்கெனவே போன்ற காலச் சொற்களோடு கொடுங்கள்.

‘வேர்’ என்பதற்குத் தேய்வது என்றும் அர்த்தம் உண்டு; அதைத் தனிக் கட்டில் வைப்பதே நல்லது. டயர் தேய்வது ‘மோன்’, அதற்கும் உடைக்கும் அங்கே தொடர்பில்லை. ‘வேர் அவுட்’டுக்கு ஷூவின் அடிப்பாகம், ‘வோர்ன் அவுட்’டுக்குக் களைத்துப்போன ஆள், ‘வேர் ஆஃப்’புக்குப் பல் மருத்துவரின் மரத்துப்போக வைக்கும் ஊசியின் வேகம் இறங்குவது. ஊசி உதாரணம் நன்றாக நிற்கிறது.

அட்டைகளை இடைவெளி விட்டுக் கேட்கும் ‘ஆங்கி’ (Anki) செயலியில் ஏற்றும்போது கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இல்லாவிட்டால் எழுத்துகள் கேள்விக்குறியாகும். ஒரே பொருளின் இரண்டு அட்டைகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாவதைக் காட்டிக்கொடுக்கும். உடன்பிறப்பு அட்டைகளை மறுநாளுக்குத் தள்ளும் அமைப்பை இயக்கிவிடுங்கள். வடக்கு, தெற்கு என இரண்டு குறிச்சொற்கள் கட்டாயம்: தொப்பி வடக்கே ‘மூ’, தெற்கே ‘நோன்’. வடக்கே ‘நோன்’ என்றால் கூம்பு வடிவ ஓலைத்தொப்பி மட்டும்தான். கற்பவர் தன் ஊருக்கு வேண்டாததை நிறுத்தி வைக்கலாம்.

முடியை நீளமாக வைத்திருப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘வேர்’ வரும். புழக்கம் குறைவு என்பதால் அது இன்னும் கட்டில் சேரவில்லை.